டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் நடந்து பழகியோர் யானைக்கால் நோயை நன்கறிவர். முழங்காலுக்குக் கீழே அடிமரம் போலப் பருத்துத் தோல் தடித்துப்போன காலை நீட்டிக்கொண்டு திண்ணையோரத்தில் அமர்ந்திருக்கும் முதியோரை முற்காலத்தில் இப்பக்கத்துப் பல ஊர்களிற் காணலாயிருந்தது. அந்நோயின் நுண்புழுக்களை இரத்தத்தினின்றும் ஒழிக்கும் மாத்திரையைச் சுகாதார ஊழியர் வீடு வீடாகக் கொணர்ந்து, தம் கண்ணெதிரே விழுங்கச் செய்ததும் பலர்க்கு நினைவிருக்கும். ஆனால் அம்மாத்திரை எங்கிருந்து வந்தது என்று வினவினோர் சிலரே. அதனை உலகிற்கு அளித்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் சென்னையில் வைத்தியம் பயின்ற ஒரு தெலுங்கர். அவரே அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நம் உடலின் தசைகள் எப்பொருளைச் செலவிட்டு இயங்குகின்றன என்பதைக் கண்டறிந்தவர்களுள்ளும் ஒருவராயிருந்தார். இவ்விரண்டனுள் பின்னதே பெரிது என்பது எம் கருத்து. அதனை அறியாதார் பலர். அறிந்தவரோ மிகைபடப் புனைந்துரைக்கின்றனர். ஆதலின் அவர் சரித்திரத்தை உள்ளது உள்ளவாறே எழுதப் புகுந்தோம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை இராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் வறுமையிற் சிக்குண்டிருந்தது. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணிப் பையன் வீட்டைவிட்டு ஓடினான். தாயார் ஆளனுப்பித் திருப்பி அழைத்துக்கொண்டார். கணவரை இழந்த பின்னும் மகன் படிப்பை விட அவ்வம்மையார் இசைந்தாரல்லர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரக் கலாசாலையிலிருந்து எழுதித் தேறினார். பரீட்சையில் தவறிய மாணவர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால் இவ்வொரு செய்தியையாவது குறித்துக்கொள்வாராக.

பிரஸிடென்ஸி கலாசாலையிற் பயிலுங்கால் இராமகிருஷ்ண மடத்தாருடைய தொடர்பு ஏற்பட்டது. துறவு பூண விரும்பினார். தாயார் அனுமதி தரவில்லை. மடத்துப் பெரியோர் வைத்தியம் கற்றுப் பிணியாளர்க்குத் தொண்டு செய்யுமாறு அவரைத் திருப்பினர். சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்த அவருக்குப் படிப்புச் செலவில் பெரும்பகுதியை உதவியவர், அவர் 1919-இல் மணந்த சேஷகிரி அம்மையாரின் தந்தையாராவர். அது காந்தியடிகளின் இயக்கம் பரவிய காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்திலும் கதர் அங்கியே அணிந்து நின்றார் என்றும், அது கண்டு சினந்த ஆங்கில ஆசிரியராலேயே அவருக்கு முழுப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். கிடையாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

இக்காலத்திலேயே அவர் இல்லத்தை ஒரு நோய் சூழ்ந்தது. ஸ்ப்ரூ என்பது அதன் பெயர். உண்ட உணவு உடலிற் சேராது கழிந்துபோக, இரத்தம் வற்றி, நா புண்ணாகி, மெலிந்து இறக்கச் செய்வது அது. சகோதரர் இருவரை அது கொண்டுபோயிற்று. சுப்பாராவையும் பற்றிற்று. மேனாட்டு மருந்துகள் பயன்படாத நிலையில், டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி அளித்த ஆயுர்வேத மருந்தினால் அவர் பிழைத்தார். பின்னர் லக்ஷ்மீபதியின் ஆயுர்வேதக் கலாசாலையிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். தம் சகோதரரைக் கொன்ற நோயின் காரணம் யாது என்னும் வினா அவரை விட்டு நீங்கவில்லை. முப்பது வயது நிரம்புமுன், மாமனாரின் உதவியும் பிறர் உதவியும் பெற்று, மனைவியாரை ஊரில் விட்டு, அமெரிக்காவிற்குக் கப்பலேறினார்.

பாஸ்டன் நகரை அடைந்தபோது கையிற் பொருள் இல்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையின் வெப்பதேச வைத்தியப் பள்ளியில் இடம் கிடைத்தது. உணவிற்கு வழி கிடைக்கவில்லை. வைத்தியப் பட்டம் பெற்ற அவர், மருத்துவமனை ஒன்றில் இரவு ஊழியராகி, நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களை எடுத்துக் கழுவி ஊதியம் பெற்றார். உயர்குலத்திற் பிறந்து அத்தொழில் செய்தாரே என்று வியந்து எழுதுவோர் உளர். அத்தொழிலையே வாழ்நாள் முழுதும் செய்வோர் நம் மருத்துவமனைகள் அனைத்திலும் உளராதலின், யாம் அதனைப் பெரிதாகப் பாராட்டுவதற்கில்லை. வெப்பதேச வைத்தியத்தில் தேர்ச்சிப் பத்திரம் பெற்றபின், ஓட்டோ போலின் என்னும் பேராசிரியர் தலைமை வகித்த உயிர் இரசாயனப் பகுதியில், சைரஸ் பிஸ்கி என்பவரின்கீழ் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

அவர்கள் முதலில் மேற்கொண்டது சிறு வேலை போலத் தோன்றுவது. இரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உளது என்று அளக்க எளிய முறையொன்று வேண்டியிருந்தது. சோதிக்கும் நீரில் மாலிப்டேட் என்னும் உப்பையும் அமிலத்தையும் சேர்த்து, மற்றொரு பொருளையும் இட்டால் நீலநிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நிறம் ஆழும், குறைந்தால் வெளுக்கும். நிறத்தின் ஆழத்தைக் கொண்டே அளவைச் சொல்லிவிடலாம். 1925-ஆம் ஆண்டில் அச்சாகிய இம்முறை பிஸ்கி-சுப்பாராவ் முறை என்றே பெயர் பெற்று, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிற் பரவிற்று.

இம்முறையைத் தசைச்சாற்றில் செய்து பார்த்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. சில நிமிடங்களில் நிலைபெற வேண்டிய நீலம், தசைச்சாற்றில் மட்டும் நேரம் செல்லச் செல்ல ஆழ்ந்துகொண்டே போயிற்று. சோதனை பிழைபட்டது என்று கருதிச் சாற்றைக் கொட்டிவிட்டிருந்தால் எம் கதை இங்கே முடிந்திருக்கும். அவர்கள் கொட்டவில்லை. நிறம் மெல்ல மெல்லப் பெருகுமானால், பாஸ்பேட் ஏதோ ஒரு பொருளோடு பிணைந்திருந்து, அமிலம் பட்டுச் சிறிது சிறிதாக விடுபடுகின்றது என்பதன்றோ பொருள்? தேடியபோது அப்பொருள் கிரியாட்டின் எனத் தெரிந்தது. இறைச்சியில் கிரியாட்டின் உண்டு என்பது 1832 முதலே தெரிந்த செய்தி. அது தசையில் எதற்காக இருக்கின்றது என்பதைத்தான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக எவரும் அறிந்திலர். கிரியாட்டினும் பாஸ்பேட்டும் கூடிய இப்பொருள், தசை வேலை செய்யும்போது குறைகின்றது. ஓய்வு கொள்ளும்போது மீண்டும் நிறைகின்றது. 1927-இல் இதனை வெளியிட்டனர். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகில்டன் தம்பதியரும் தனித்து ஆராய்ந்து இப்பொருளைக் கண்டனர். பிஸ்கியும் சுப்பாராவும் பின்னர் இதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் உப்பு வடிவிலாம். கால்சியத்தைப் பற்றி மேலே பேச வேண்டியிருத்தலின் இதனை இங்கே குறித்தோம்.

அதுவரையில் தசை இயங்குவது லாக்டிக் அமிலம் உண்டாவதனால் என்று அறிஞர் நம்பினர். தசையை ஆராய்ந்த ஹில், மேயர்ஹாப் இருவரும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருந்த காலம் அது. பரிசு பெற்ற கொள்கையை அசைப்பது எளிதன்று. 1930-இல் கோபன்ஹேகன் நகரத்து லண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் உண்டாகாதவாறு தடுத்த தசையும் சுருங்குகின்றது என்று காட்டியபோது பழைய கொள்கை சாய்ந்தது.

இதனிடையே 1929-இல் மற்றொரு பொருளும் கிடைத்தது. அதுவே அடினோசின் டிரைபாஸ்பேட்; சுருங்கச் சொல்லின் ஏ.டி.பி. மூன்று பாஸ்பேட்டுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டது. கடைக்கண்ணி அறுங்கால் ஆற்றல் வெளிப்படுகின்றது. ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனித்துக் கண்டு, சில வாரங்கள் முன்னதாகவே அச்சிட்டுவிட்டார். ஆதலின் பல நூல்களில் லோமன் பெயரே நிற்கின்றது. நம் நாட்டார் சிலர் சினந்து, சுப்பாராவ் ஒருவரே கண்டார் என்று எழுதுகின்றனர். இருவரும் கண்டனர் என்பதே உண்மை. அவர் பெருமைக்கு லோமனை மறைக்க வேண்டுவதில்லை.

நிற்க. இப்பொருள் உடலில் எங்கே உண்டாகின்றது, உண்டாகுமாறு ஏவுவது எது என்பன அவர் காலத்தில் விளங்காத செய்திகள். இவற்றை அறியாவிடின் அவர் கண்டதன் அருமை புலப்படாது. வளர்ந்த மனிதன் ஒருவனது உடலில் ஒரு சமயத்தில் இருக்கும் ஏ.டி.பி. நூறு கிராமுக்கும் உட்பட்டதே. ஆனால் ஒரு நாளில் அவன் செலவிடுவதோ ஏறத்தாழத் தன் உடலின் எடையளவு. அஃதாவது செலவிட்டதையே திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். அவ்வேலையில் பெரும்பகுதியைச் செய்வன உயிரணுக்களினுள்ளே இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள். உணவின் சத்தை எரித்து, அவ்வாற்றலால் அறுந்த பாஸ்பேட்டை மீண்டும் கோத்துவிடுவது அவற்றின் தொழில்.

எப்போது விரைந்து கோக்க வேண்டும் என்று அவற்றிற்கு அறிவிப்பது யார்? இங்கேதான் கால்சியம் வருகின்றது. விழுப்புரம் சந்திப்பை அன்பர்கள் அறிவர். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைப் பாதைகள் அங்கே கூடுகின்றன. முற்காலத்துக் கைகாட்டி மரம் ஒரு முழக்கட்டை. அது வண்டியை இழுப்பதில்லை. ஆயினும் அது சாயாமல் வண்டி நகராது. உயிரணுவினுள் கால்சியம் அத்தகையது. உயிரணு அதனை ஓயாது வெளியே இறைத்துக்கொண்டிருப்பதால், வெளியே உள்ளதைப் பார்க்க உள்ளே இருப்பது ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. தசை இயங்குவதற்கான கட்டளை வந்தவுடன் உள்ளே கால்சியம் பெருகுகின்றது, தசை சுருங்குகின்றது, ஏ.டி.பி. செலவாகின்றது. அந்தக் கால்சியத்திலேயே ஒரு பகுதி மைட்டோகாண்டிரியாவின் உள்ளும் நுழைந்து, உணவை எரிக்கும் என்ஸைம்களுள் மூன்றனைத் தூண்டுகின்றது. செலவை ஏவிய கையே வரவையும் ஏவுகின்றது. இதனினும் சிக்கனமான நிருவாகத்தை எந்த இரயில்வேயிலும் யாம் கண்டதில்லை.

கால்சியம் இன்றி இதயம் துடியாது என்பதை இலண்டனில் சிட்னி ரிங்கர் 1883-இலேயே காட்டியிருந்தார். தூய நீருக்குப் பதிலாகக் குழாய் நீரில் கரைசல் செய்யப்பட்டபோது தவளையின் இதயம் தொடர்ந்து துடித்ததும், குழாய் நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தே அதற்குக் காரணமென அவர் தெளிந்ததும் பிரசித்தம். மைட்டோகாண்டிரியா கால்சியத்தை உறிஞ்சுகின்றன என்பது 1961, 1962-ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது. அது நுழையும் வாயிலாகிய புரதம் எது என்பதற்கோ 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் அதனைக் கண்டவை இரு குழுக்கள்: ஒன்று இத்தாலியின் பாதுவா நகரத்தது, மற்றொன்று, சுப்பாராவ் பாத்திரம் கழுவிய அதே பாஸ்டன் நகரத்தது.

நம் பக்கத்திற்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இளமையில் திண்டிவனத்தில் மிஷனெரியாகிய தந்தையாருடன் தங்கியிருந்தபோது, ஓரிரவில் மாதர் மூவர் பிள்ளைப்பேற்றில் வைத்திய உதவியின்றி மாண்டதைக் கண்டு மனம் மாறியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் வேலூரில் நிறுவியது, விழுப்புரத்திலிருந்து காட்பாடி வண்டி ஏறுவோர் பலர்க்கும் போகுமிடமாகிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அக்கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி பயின்று அமெரிக்கா சென்ற முனிசாமி மாதேஷ் என்பார், மேற்கூறிய கால்சிய வாயிலுக்குத் துணைநிற்கும் புரதம் ஒன்றைப் பற்றித் தம் குழுவினருடன் 2012-இல் வெளியிட்டார். வாயிலைக் காக்கும் வேறொரு புரதத்தில் பிறவிக் குறையுள்ள குழந்தைகள் தசை தளர்ந்து, கற்பதிலும் இடர்ப்படுகின்றனர் என்பது 2014-இல் தெரிந்தது. கைகாட்டி எக்காலமும் சாய்ந்தே இருந்தால் என்னாகும் என்பதற்கு அக்குழந்தைகள் சான்று.

இனிச் சரித்திரத்திற்குத் திரும்புவோம். இத்துணை செய்தவர்க்கு ஹார்வர்டில் நிலையான பதவி கிடைத்ததா எனின், இல்லை. 1930-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. பின்னும் பத்து ஆண்டுகள் சிறிய பதவியிலேயே கழிந்தன. தம் பெயரை முன்னிறுத்த அவர் அறியார். கூட்டங்களிற் பேசுவதையும் ஒதுக்கினார். அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சிலவற்றைப் பற்றிய ஆராய்ச்சி, உடனிருந்தோரின் பொறாமையால் வெளிவராமற் போயிற்று என்று பிற்காலத்து விஞ்ஞானிகள் கூறியதுண்டு. ஊரிலோ, கைக்குழந்தையாகவே மகன் இறந்தான். சேஷகிரி அம்மையார் காத்திருந்தார். இவரோ விடைகாணாது திரும்புவதில்லை என்று இருந்துவிட்டார். இதனைத் தியாகம் என்று மட்டும் எழுதிக் கடந்துவிட எமக்கு மனம் வரவில்லை. தியாகம் செய்தவர் இருவர். அவ்விருவருள் ஒருவரே அதனைத் தாமாக விரும்பித் தெரிந்துகொண்டவர்.

1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க்கு மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்னுமிடத்தில் லெடர்லி மருந்துச் சாலையின் ஆராய்ச்சித் தலைமையை ஏற்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அங்கே நடந்தவை ஒருவர் வாழ்நாளுக்கு மிஞ்சியவை. பம்பாயின் ஆலைத் தொழிலாளர் மகளிரிடையே கர்ப்ப காலத்துச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்டில் அதனைத் தீர்க்கும் பொருள் ஒன்று உண்டென்று முன்னரே காட்டியிருந்தார். அவ்வினத்துப் பொருளாகிய போலிக் அமிலத்தைச் சுப்பாராவின் குழுவினர் 1945-இல் செயற்கையாகச் செய்தனர். அது சோகையைத் தீர்த்ததோடு ஸ்ப்ரூவையும் தீர்த்தது. சகோதரர் இருவரும் மாண்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் வினாவிற்கு இவ்வாறு விடை வந்தது. அவ்வமிலத்தையே சிறிது மாற்றிச் செய்த அமினோப்டெரினைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிறிது காலமேனும் நலம் தந்து, 1948-இல் வெளியிட்டார். இதன் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்ஸேட் இன்றும் வழங்குகின்றது. ஆரியோமைசினும் அச்சாலையில் தோன்றியதே. ஆயின் அதனைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர் என்னும் முதியவர். சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராயிருந்தார் என்ற அளவே கூறத்தகும்.

யானைக்கால் மருந்தின் வரலாறும் இக்காலத்ததே. புழு நோயுற்ற பருத்தி எலிகளில் பலவகைப் பொருள்களைச் சோதித்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தனர். அதுவே டையெதில்கார்பமசின், ஹெட்ரசான் என்பது வணிகப் பெயர். 1947-இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது இரத்தத்திலுள்ள நுண்புழுக்கள் மறைந்தன. பருத்துவிட்ட காலை அது பழைய நிலைக்குக் கொணராது. கொசு ஒருவர் இரத்தத்தினின்று புழுவை எடுத்து மற்றொருவர்க்கு ஈவதைத் தடுப்பதே அதன் சிறப்பு. அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்கோவிலூர்ப் பகுதியில், மதுரையிலிருந்த பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் இம்மருந்தையும் ஐவர்மெக்டினையும் ஆண்டுக்கொருமுறை ஊர் முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தனர். சில ஊர்களில் மருந்தோடு கூடக் கழிவுநீர்க் குழிகளில் மிதக்கும் பிளாஸ்டிக் மணிகளைப் பரப்பியும், கிணறுகளில் மீன்களை விட்டும் கொசுவையும் ஒடுக்கினர். மருந்தை நிறுத்திய பின்னும் நோய் பரவாது நின்றவை கொசுவையும் ஒடுக்கிய ஊர்களே என்று 2007-இல் அவர்கள் எழுதினர். 2004 முதல் இந்திய அரசினர் நோயுள்ள மாவட்டங்களெங்கும் ஆண்டுதோறும் இம்மருந்தை வழங்கத் தொடங்கினர்.

இவற்றைக் காண அவர் இருந்தாரில்லை. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இரவு உறங்கச் சென்றவர் எழுந்திலர். இதய நோய் என்றனர். வயது 53.

அத்தகைய இதயத்தில் நிகழ்வது யாதென இன்று தெரியும். குருதி செல்லாத தசையில் முதலிற் குறைவது கிரியாட்டின் பாஸ்பேட், அடுத்து ஏ.டி.பி. அவ்விரண்டும் அவர் கையாற் பிரித்தெடுத்தவையே. ஏ.டி.பி. இன்மையால் கால்சியத்தை வெளியே இறைக்கும் வேலை நின்றுபோகின்றது. அது உயிரணுவினுள் வெள்ளமாய்ப் பெருகி மைட்டோகாண்டிரியாவை நிரப்புகின்றது. அளவோடு நுழைந்தபோது ஏவலாய் இருந்தது அளவிறந்தபோது அவற்றின் சுவரையே திறந்துவிட, ஆற்றலை ஆக்கும் தொழில் முற்றும் ஒழிந்து உயிரணு மடிகின்றது. அடைப்பை நீக்கிக் குருதியை மீண்டும் செலுத்தும் அந்நிமிடங்களிலும் இத்தீங்கு நேர்வதால், அதனைத் தடுக்கும் மருந்தொன்றைத் தேடி இன்றும் பலர் உழைக்கின்றனர். இதுவரை உறுதியான மருந்து அகப்படவில்லை.

1953-இல் பூஞ்சை ஒன்றிற்கு அவர் பெயரால் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிடப்பட்டது. பிறந்து நூறாண்டு நிறைந்த 1995-இல் இந்திய அரசினர் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டனர். சேஷகிரி அம்மையார், கப்பலேற விடைகொடுத்த நாளுக்குப் பின்னர்த் தம் கணவரைக் கண்டதேயில்லை.